எரியுதா, எரியலையா?

பழைய கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு சடங்கு தெரியும். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கணும். இன்னொருத்தர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லணும். "எரியுதா?" "எரியுது." "இப்ப?" "இப்பவும் எரியுது." அவ்வளவுதான். இதற்குப் படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம், வாய் மட்டும் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் உள்ளே உட்கார வேண்டியவர் என் அப்பா. பின்னால் நிற்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். ரெண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது.

காரணம் நான்தான், வேறு யார். விழிதியூரில் நெல் விளைகிற வீட்டில் பிறந்துவிட்டு, கடற்கரைத் தெருவிலிருந்து ஒருத்தரை நானே பார்த்துக் கட்டிக்கொண்டேன். "கடல்ல போறவன் வீட்டுக்கா எம்பொண்ணு?" என்று அப்பா அன்றைக்குக் கேட்டதோடு சரி. வேடிக்கை என்னவென்றால் என் வீட்டுக்காரர் கடலில் போனதே கிடையாது. முகத்துவாரம் தாண்டினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். கரையில் நிற்கிற விசைப்படகுகளுக்கு ஒயரிங் பண்ணுவதும், திருவிழா வந்தால் கோயில் வாசலில் ஓடுகிற கலர் லைட் போர்டு கட்டுவதும்தான் அவர் பிழைப்பு. இதை அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

அடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்கூட நிம்மதி. அப்படியும் இல்லை. ரெண்டாவது வருஷமே அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். பேச்சு மட்டும் என் வழியாகப் போகும். "மழை வருமான்னு கேளும்மா." மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் இவர், "ராத்திரிக்கு வரும்னு சொல்லு" என்பார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் டீச்சர் வேலை எனக்கு. நாள் முழுக்க மோட்டார் சத்தத்துக்கு மேலே பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தால், வீட்டில் இந்தத் தபால் உத்தியோகம். அம்மாவுக்கு மருமகனோடு சிரிப்பும் பேச்சும் உண்டு. ஆனால் தபால் மட்டும் தூக்க மாட்டாள். "நீ கட்டுன கட்டு, நீயே அவிழ்த்துக்க" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. பெரிசாகக் கட்டிப் பிடித்து அழ வேண்டாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, நேராக, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். அதற்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை. திருநள்ளாற்றில் எள் விளக்கு போட்டதற்குக் கணக்கே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் கீழவாஞ்சூர் ரோட்டில் ஒரு நிலக்கரி லாரி அப்பாவின் அம்பாசிடருக்குப் பின்னால் முத்தம் கொடுத்தது. அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது வாங்கிய கார். தயிர்சாதக் கலர். ரிட்டயர் ஆன பிறகு வயலையும் அதையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடி பலமில்லை, ஆனால் பின் லைட்டு ரெண்டும் போச்சு. அப்பா இறங்கிச் சண்டைக்குப் போனால், லாரி டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, நீங்க பிரேக் போட்டது சாமி சத்தியமா தெரியலங்க. அது லைட்டா, அணையப்போற ஊதுபத்தியா?" என்று கேட்டிருக்கிறான். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. நேராக எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து காரை நிறுத்தினார்.

"பழைய லைட்டு எங்கயாச்சும் கெடைக்குமான்னு அந்த ஆளைக் கேளு" என்றார் என்னிடம். அந்த ஆள் அங்கேயே காருக்குக் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடைக்காதுன்னு சொல்லு. ஆனா நான் வேற ஒண்ணு செஞ்சு தர்றேன், ஒரு லாரிக்காரன் கிட்ட வர மாட்டான்னு சொல்லு." காருக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

அப்பா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "சரி, செய்யச் சொல்லு."

மனுஷன் பத்து நாள் தூங்கவில்லை. மாமனார் முதல்முறையாக ஒரு வேலை சொல்லியிருக்கிறார், விடுவாரா! உடைந்த சிவப்புக் கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளை அக்ரிலிக்கை அதே அளவுக்கு அறுத்து, நெருப்பில் காட்டி வளைத்து, ஒட்டவைத்தார். உள்ளே திருவிழா போர்டில் போடுகிற கடுகு சைஸ் கலர் லைட்டுகளை நெருக்கி நெருக்கி வரிசையாகப் பதித்தார். ஒவ்வொரு லைட்டும் தனித்தனியாக என்ன கலர் சொல்கிறோமோ அந்தக் கலரில் எரியும். எப்போது எது எரியணும் என்று எழுதிவைக்கிற புரோகிராம் வேலை என்னுடையது. ஓடும்போது மங்கல் சிவப்பு. பிரேக் போட்டால் நடுவிலிருந்து விரிந்து முழுச் சிவப்பு. திரும்பும்போது மஞ்சள் உள்ளேயிருந்து வெளியே ஓடும். முதல் நாள், என் புரோகிராம் ஏற்றுவதற்கு முன்னால், அவரே கலர் வைத்து எரியவிட்டுப் பார்த்தால் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. படகுக்கு அப்படித்தான், போட்டுப் போட்டுப் பழகிய கை! "ஏங்க, இது என்ன கார்ல மீன் பிடிக்கவா போறாரு?" என்று கத்தினேன். அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு மாற்றினார்.

தப்பு அவருடையது மட்டுமில்லை, என்னுடையதும் ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. லைட்டுகளை ஆட்டிவைக்கிற கன்ட்ரோலர் புதிதாக வாங்கவில்லை. போன வருஷம் ஒரு மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கட்டிய போர்டிலிருந்து கழற்றியது. "உள்ள இருக்கிற பழசை அழிக்காத, அடுத்த திருவிழாவுக்கு வேணும்" என்றார் இவர். நானும் பழசை ஒண்ணாம் நம்பராக அப்படியே விட்டுவிட்டு, நான் எழுதியதை ரெண்டாம் நம்பரில் வைத்து, அதை ஓடவிட்டேன். கரண்ட் ஒரு கணம் தடுமாறி கன்ட்ரோலர் திரும்பத் தொடங்கினால் எந்த நம்பரிலிருந்து தொடங்கும் என்று நான் யோசிக்கவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்கக்கேடு.

மாட்டிய அன்றைக்கு நம் சடங்கு நடந்தது. அப்பா உள்ளே. இவர் டிக்கிக்குப் பின்னால். நான் நடுவில், பின்கதவோரம்.

"எரியுதான்னு கேளு."

"எரியுதாங்க?"

"எரியுதுன்னு சொல்லு."

"எரியுதாம்ப்பா."

"ரெண்டும் எரியுதான்னு கேளு."

அடுத்த வீட்டு அம்மா மாடியில் துணி காயப்போட வந்தவள், துணியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் காரையே கொளுத்தியிருப்பேன், அப்போது நிச்சயம் ரெண்டு பேருக்கும் எரிவது தெரிந்திருக்கும்.

நாலு நாள் அமர்க்களமாக ஓடியது. லாரிகள் ஒதுங்கிப் போகின்றன என்று அப்பாவுக்குப் பெருமை. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, பூவத்தில் அப்பாவோடு ஒரே ஆபீசில் இருந்தவர் தவறிவிட்டார். சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் மாலை வாங்கிக்கொண்டு காரில் போனார்கள். நாங்கள் பின்னாலேயே பைக்கில். தூறல் வேறு. பூவத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. அப்பா முன் லைட்டு, வைப்பர், ஹாரன், பிரேக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டார். பழைய வண்டியின் பேட்டரி, பாவம், எத்தனை பேருக்குத்தான் சோறு போடும்? பின் லைட்டு பொசுக்கென்று அணைந்தது. அரை நொடி கழித்துத் திரும்ப வந்தது.

வந்தது என் புரோகிராம் இல்லை. மாரியம்மன் கோயில் தீமிதி. பச்சை, நீலம், ரோஸ், மஞ்சள் எல்லாம் மேலும் கீழும் துரத்திக்கொண்டு ஓடின. பிறகு இடது லைட்டில் ஒவ்வொரு எழுத்தாக வ, ரு, க. வலது லைட்டிலும் வ, ரு, க. பிறகு ஒரு பூ விரிந்தது.

இதில் ஒரு கொடுமையைப் பாருங்கள். ஊரே பார்க்கிற தன் பின் லைட்டை, வண்டி ஓட்டுகிறவன் ஒருத்தன் மட்டும்தான் பார்க்க முடியாது. அப்பா மாலையும் துக்கமுமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு, அந்த ஜொலிப்போடு சாவு வீட்டு வாசலில் போய் பிரேக் போட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தன் நண்பனுக்காக இத்தனை பேர் தன்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்து, உள்ளே உட்கார்ந்தபடியே கை கூப்பினார். மேளக்காரர்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு, லைட்டு ஓடுகிற வேகத்துக்குத் தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அது அழுகை இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

என் வீட்டுக்காரர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். டிரைவர் ஜன்னல் பக்கம் போய் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்கப்பாவைச் சாவியைத் திருப்பச் சொல்லு!"

ஐயோ, அந்த நேரத்தில்கூட! "அவருக்குக் காது இருக்கு, நீங்களே சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இவர் மரம் மாதிரி நின்றார். நானே மழையில் ஓடி, அடிவயிற்றிலிருந்து, "அப்பா! ஆஃப் பண்ணுங்கப்பா! ஆஃப்!" என்று அலறினேன். மூன்றாவது அலறலில் தொண்டைக்குள் ஏதோ பட்டென்று அறுந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் காற்றுதான்.

மறுநாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வாயைத் தொறக்கவே கூடாது டீச்சர்" என்றார். நான் வீடு திரும்பிய நேரம், அப்பா அம்மாவோடு வந்து காரை எங்கள் வாசலில் போட்டார். பூவத்தில் நாலு பேர் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. முகம் கடுகடுவென்றிருந்தது.

"சாவுக்குப் போனவனை வருக வருகன்னு கூத்தாட வெச்சாச்சு. போதும். இத சரி பண்ணிக் குடுக்கறதா இருந்தா குடுக்கச் சொல்லு, இல்ல பழைய பல்பையே மாட்டச் சொல்லு."

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அதைப் பார்க்க எனக்கு என்னமோ இனித்தது. பதினோரு வருஷமாக ரெண்டு பேருக்கும் நடுவில் ஓடின ஒயர் அறுந்துவிட்டது. இனி என்ன பண்ணுவீர்கள், என் ராசாக்களா?

என்ன பண்ணினார்கள் என்கிறீர்கள், ஜாடை பேசினார்கள். அப்பா தினமும் பஸ் பிடித்து வந்து, கார் பானெட்டிடம் குறைகளைச் சொல்வார். இவர் கையில் இருக்கும் திருப்புளியிடம் பதில் சொல்வார். "எர்த்து சரியில்லாத வண்டிக்கு எவன் என்ன பண்ண முடியும்?" என்று திருப்புளி கேட்கும். "வேலை தெரிஞ்சவன் எர்த்தைத்தான் மொதல்ல பார்ப்பான்" என்று பானெட் சொல்லும். ஆனால் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். அப்பா என்னிடம் ஒரு நோட்டை நீட்டி, "எழுதிக் காட்டிடேன் அந்த ஆள்கிட்ட" என்றார். நான் கண்ணாடி காணோம் என்று சைகை காட்டினேன். கண்ணாடி அரிசிப் பானைக்குள் இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. திருவிழாவை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு கன்ட்ரோலரிலிருந்து துடைத்தேன். கரண்ட் தடுமாறினாலும் என் புரோகிராமே திரும்ப வருகிற மாதிரி பண்ணினேன். இவர் பேட்டரியிலிருந்து லைட்டுக்குத் தனி ஒயர் இழுத்தார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் குரல் ஐந்தாம் நாளே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில், தெரு மீன்காரம்மா செவுளைக் காட்டாமல் நேற்றைய சங்கராவை என் தலையில் கட்டப் பார்த்தாள். வாசலில் நின்று அவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துப் பேசினேன். வெண்கல மணி மாதிரி இருந்தது குரல். பேசி முடித்ததும்தான், அடடா, அப்பா வருகிற பஸ் நேரமாச்சே என்று உறைத்தது. உள்ளே ஓடி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். அப்பா வந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் பானெட் பக்கம் போனார். வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது. "டாக்டர் இன்னும் ஒரு வாரம் சொல்லியிருக்கார்" என்று துண்டுச் சீட்டில் எழுதி எல்லாருக்கும் காட்டினேன். அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் காதைத் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திருநள்ளாற்றில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பாவுக்குக் கார் வேண்டும். லைட்டு சரியாக எரிகிறதா என்று பார்க்காமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் காரில் போக மாட்டேன் என்று பானெட்டிடம் சத்தியமே பண்ணியிருந்தார். அவரோடு வந்திருந்த அம்மா, சொல்லிவைத்த மாதிரி, கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அப்பா உள்ளே உட்கார்ந்தார். இவர் டிக்கிக்குப் பின்னால். நான் பழைய இடத்தில், பின்கதவோரம், துண்டைச் சுற்றிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு.

அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் கிறீச்சென்றது. லைட்டு எரிந்தது.

அப்பா ஹாரனை ஒருமுறை அடித்தார். இவர் டிக்கியை ஒரு தட்டு தட்டினார். ஒரு தட்டு என்றால் எரிகிறதா, ஒரு லைட்டு மட்டும் எரிகிறதா? அப்பாவுக்குப் புரியவில்லை. ரெண்டு ஹாரன் அடித்தார். இவர் ரெண்டு தட்டு தட்டினார். அப்பா இண்டிகேட்டரைப் போட்டார். இவர் குழம்பிப்போய் மூன்று தட்டு தட்டினார். மாடியில் அடுத்த வீட்டு அம்மா ஒரு நாற்காலியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டாள். என் ஆசை நடக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. வாயைத் திறந்து "எரியுதுப்பா" என்று சொல்லி இந்தக் கூத்தை முடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா ஜன்னல் கண்ணாடியை மெல்ல இறக்கினார். தலையை வெளியே நீட்டினார். என்னைத் தாண்டி, பின்னால் பார்த்தார்.

"எரியுதா?"

என் வீட்டுக்காரர் லைட்டைப் பார்க்கவே மறந்துவிட்டார். "என்ன மாமா?"

"லைட்டு. எரியுதா, எரியலையா?"

"எரியுது மாமா."

"ரெண்டுமா?"

"ரெண்டும் நல்லா எரியுது மாமா."

"ஹாரன் அடிக்கறேன், பாருங்க." அடித்தார். வைப்பரைப் போட்டார். முன் லைட்டைப் போட்டார். "அந்த வருக வருக?"

"வரல மாமா. எடுத்தாச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தார். "அழிச்சுடாதீங்க. நல்லாத்தான் இருந்துச்சுன்னு பூவத்துல சொன்னாங்க. நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஆவும்."

வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பழைய பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "காலையில ஆறு மணிக்குக் கல்யாணத்துக்குக் கெளம்பணும். மாப்பிள்ளையை ரெடியா இருக்கச் சொல்லு."

மாப்பிள்ளை! பதினோரு வருஷத்தில் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"நடிக்காத. செவ்வாக்கெழமை மீன்காரம்மாவுக்கு நீ போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு காரை நகர்த்தினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஐந்து நாள். இதில் எந்த நாளும் என்னைப் பிடித்து உலுக்கிப் பழையபடி தபால் தூக்க வைத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. நான் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தெருமுனையில் குறுக்கே ஒரு நாய்கூட இல்லை. அம்பாசிடர் அங்கே நின்றது. பின் லைட்டு ரெண்டும் நடுவிலிருந்து விரிந்து சிவப்பாக எரிந்தன. கார் நகரவில்லை, காத்துக்கொண்டு நின்றது. எனக்குப் புரிவதற்குள் என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வாசற்கதவில் ஏறி நின்று, கைகளை வாயில் குவித்து, தெருவே அதிரக் கத்தினார்.

"எரியுது மாமா!"